1929 நைஜீரியப் பெண்கள் போர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்க விடுதலைப் போராட்டம் என்றதும் நமக்கு மண்டேலா நினைவுக்கு வருவார், கானாவின் நிக்ருமா வருவார். 1929-இன் கடைசி இரண்டு மாதங்களில் தென்கிழக்கு நைஜீரியாவின் சந்தைகளிலிருந்தும் எண்ணெய்ச் செக்குகளிலிருந்தும் எழுந்து வந்து, பிரிட்டிஷ் நிர்வாகத்தையே முடக்கிப்போட்ட பெண்கள் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அவர்களைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

'அபா கலவரம்' என்று ஒரு பாடப்புத்தகத்தில் படித்தேன். அதுவும் இதுவும் ஒன்றா?

ஒன்றுதான். ஆனால் அந்தப் பெயரை நான் பயன்படுத்த மாட்டேன். 'கலவரம்' என்பது பிரிட்டிஷ் அதிகாரிகள் கோப்பில் எழுதிய சொல். கலவரம் என்றால் திட்டம் இல்லை, தலைமை இல்லை, கோரிக்கை இல்லை, ஏதோ ஆத்திரத்தில் கூடிக் கல்லெறிந்தார்கள் என்றுதான் பொருள்படும். இங்கே மூன்றுமே இருந்தன. இக்போ மக்கள் இதை 'ஓகு உமுன்வான்யி' என்கிறார்கள், அதாவது பெண்களின் போர். பக்கத்தில் வாழும் இபிபியோ மக்களின் 'எகோங் இபான்' என்ற பெயருக்கும் அதே பொருள்தான்.

'அபா' என்பதும் சரியில்லை. அபா இதில் ஈடுபட்ட ஊர்களில் ஒன்று, அவ்வளவுதான். போராட்டம் ஓவெர்ரி, கலபார் என்ற இரண்டு மாகாணங்களில், ஏறத்தாழ 6,000 சதுர மைல் பரப்பில், சுமார் 20 லட்சம் மக்கள் வாழ்ந்த பகுதியில் பரவியது.

அப்படி என்ன கோபம்? வரி போட்டார்கள், அதனாலா?

வரி ஒரு பொறி. காய்ந்த சருகு அதற்கு முப்பது வருடங்களுக்கு முன்பிருந்தே சேர்ந்துகொண்டிருந்தது.

'இக்போ என்வே எஸே' என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. இக்போவுக்கு அரசன் கிடையாது என்று அர்த்தம். ஒனிட்ஷா போன்ற சில இடங்களில் அரசர்கள் இருந்தார்கள்தான். ஆனால் பெரும்பாலான ஊர்களில் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவெடுப்பார்கள், பெண்களுக்கென்று தனிக் கூட்டங்கள் இருக்கும், ஒத்த வயதினர் சேரும் வயதுக் குழுக்கள் இருக்கும். யாரும் ஒரே ஆளிடம் எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்துவிடவில்லை.

பிரிட்டிஷாருக்கு இது வசதிப்படவில்லை. வடக்கு நைஜீரியாவில் அமீர்கள் என்ற முஸ்லிம் மன்னர்களை வைத்துக்கொண்டு அவர்கள் மூலமாக ஆள முடிந்தது. தென்கிழக்கில் அப்படி யாரும் அகப்படாததால், தாங்களே ஆள் பிடித்து, 'வாரண்ட்' என்ற அதிகாரத் தாளைக் கையில் கொடுத்து, தலைவர் ஆக்கினார்கள். இவர்களுக்கு 'வாரண்ட் தலைவர்கள்' என்றே பெயர். உள்ளூர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதும் இவர்கள்தான், சாலை போடக் கட்டாய வேலைக்கு ஆள் பிடிப்பதும் இவர்கள்தான். ஊர் இவர்களைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் ஊருக்குப் பயப்படவேண்டிய தேவையும் இல்லை. லஞ்சம், மிரட்டி நிலம் பறிப்பது, பெண்ணின் சம்மதமும் முறைப்படியான மணப்பொருளும் இல்லாமலே கல்யாணம் செய்துகொள்வது என்று புகார்கள் குவிந்தன.

இந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு இடமே இல்லை. முன்பு சந்தை விதிகளைப் பெண்களே வகுத்தார்கள், மீறியவர்களுக்குத் தண்டனையும் கொடுத்தார்கள். அந்த அதிகாரமெல்லாம் ஓர் ஆண் தலைவரிடமும் அவருடைய எழுத்தரிடமும் போய்விட்டது.

சரி, வரி எப்போது வந்தது?

1926-இல் மக்கள்தொகை எண்ணினார்கள். இது வரிக்காக அல்ல என்று உறுதி சொன்னார்கள். 1927-இல் வரிச் சட்டத்தைத் திருத்தி, 1928-இல் ஆண்களிடம் வரி வாங்கினார்கள். இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் வரி வரும் என்று அந்த மக்கள் தெரிந்துகொண்டது வதந்தியால் அல்ல, அனுபவத்தால்.

1929-இல் பெண்டே பகுதிக்குத் தற்காலிகமாகப் பொறுப்பேற்ற ஓர் இளம் அதிகாரி, பழைய கணக்கு போதாது என்று நினைத்தார். இந்த முறை மனைவிகள், பிள்ளைகள், ஆடுமாடுகள் எல்லாவற்றையும் எண்ணச் சொன்னார். பெண்களை எண்ணுகிறார்கள் என்றால் அடுத்தது பெண்களுக்கு வரி. யாரும் வேறு மாதிரி யோசித்திருக்க முடியாது.

அதே நேரத்தில் பனை எண்ணெயின் விலை விழுந்துகொண்டிருந்தது. இது நம் ஊர்ப் பனை அல்ல, செம்பழம் தரும் எண்ணெய்ப்பனை. வழக்கப்படி எண்ணெய் கணவனுக்கு, கொட்டைக்குள் இருக்கும் பருப்பு மனைவிக்கு. பருப்பு விற்ற காசில்தான் பெண்கள் வீட்டுச் செலவைப் பார்த்தார்கள். ஆண்களின் வரியைக் கட்டவும் அந்தக் காசுதான் பல வீடுகளில் போனது. ஆக, வரி ஆணின் பெயரில் இருந்தாலும் பெண்தான் ஏற்கெனவே அதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

தொடங்கி வைத்தது ஒரே ஒரு பெண் என்கிறார்களே?

அவர் பெயர் நுவன்யெருவா. ஊர் ஓலோக்கோ.

அந்த ஊரின் வாரண்ட் தலைவர் ஒகுகோ, எண்ணும் வேலையை எமெருவா என்ற பள்ளி ஆசிரியரிடம் கொடுத்திருந்தார். 1929 நவம்பரில் ஒரு நாள் எமெருவா வந்தபோது நுவன்யெருவா எண்ணெய் பிழிந்துகொண்டிருந்தார். உன் ஆடுகளையும் ஆட்களையும் எண்ணிச் சொல் என்றார் எமெருவா. அந்த வீட்டில் சாவு விழுந்து துக்கம் இன்னும் ஆறவில்லை. உன் தாயை எண்ணினார்களா என்று நுவன்யெருவா திருப்பிக் கேட்டார். வாய்ப்பேச்சு முற்றியது. எமெருவா அவர் கழுத்தைப் பிடித்தார். எண்ணெய் வழியும் கைகளாலேயே அவரும் பதிலுக்குப் பிடித்தார்.

அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். வீட்டுக்குள் போய் அழவில்லை. அன்று கூட்டம் போட்டிருந்த ஊர்ப் பெண்களிடம் நேராகப் போய் நடந்ததைச் சொன்னார். வரிக்கு என்ன செய்வது என்று அவர்கள் ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பெண்களிடம் வரி கேட்டால் கிளம்புவது என்பதும் முடிவாகியிருந்தது. நுவன்யெருவா சொன்ன சேதியோடு பொறுமை தீர்ந்தது. ஒரு பெண்ணின் ஆத்திரம் தற்செயலாகத் தீயாகப் பரவிவிட்டது என்று இந்தக் கதையைச் சொல்பவர்கள், முன்பே கூடிப் பேசிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள்.

தொலைபேசி கூட இல்லாத காலத்தில் இத்தனை ஊர்களுக்குச் சேதி எப்படிப் போனது?

மடித்த பனையோலை. ஓலை வந்தால் கிளம்ப வேண்டும் என்று பொருள். வாங்கியவர் தன் பங்குக்கு மற்றவர்களுக்கு ஓலை அனுப்புவார். இப்படியே ஊர் ஊராகப் போனது.

ஆனால் ஓலை ஓடுவதற்குத் தடம் வேண்டுமே, அதைத்தான் கவனிக்க வேண்டும். இக்போ வழக்கத்தில் பெண்ணை வெளியூரில்தான் கட்டிக்கொடுப்பார்கள். அதனால் ஒரு கிராமத்தின் மருமகள்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்துப் பல ஊர்களின் மகள்கள். பிறந்த ஊரில் மகள்கள் கூடுவதற்கு ஒரு சங்கம், வாழ்க்கைப்பட்ட ஊரில் மனைவிகள் கூடுவதற்கு இன்னொரு சங்கம். இரண்டிலும் ஒரே பெண் இருப்பாள். இக்கூட்டங்களை 'மிகிரி' என்று சொல்வார்கள், மீட்டிங் என்ற ஆங்கிலச் சொல் உள்ளூர் நாவில் மருவி வந்தது அது. போதாததற்கு நான்கு நாளைக்கு ஒருமுறை சுழன்று வரும் சந்தைகள். ஒரு சேதியைச் சந்தையில் போட்டால் நாலைந்து நாளில் அந்த வட்டாரம் முழுவதும் தெரிந்துவிடும்.

பிரிட்டிஷ் அதிகாரிகள் இந்த வலைப்பின்னலைப் பார்த்ததே இல்லை. அரசியல் என்றால் ஆண்கள் செய்வது என்ற எண்ணத்தோடு வந்தவர்கள் பெண்களின் கூட்டத்தைத் தேடியிருக்கவே மாட்டார்கள். பத்தாயிரம் பெண்கள் ஒரே நாளில் வந்து நின்றபோது, இவர்களுக்குப் பின்னால் ஆண்கள் இருந்து ஆட்டுவிக்கிறார்கள் என்றுதான் அவர்களால் யோசிக்க முடிந்தது.

'ஓர் ஆண் மேல் உட்காருதல்' என்றால் என்ன?

இது அந்தப் பெண்களின் பழைய ஆயுதம். மனைவியை அடித்துத் துன்புறுத்துகிறவன், சந்தை விதியை மீறுகிறவன், தன் மாட்டைப் பெண்களின் பயிரில் மேயவிட்டுக் கண்டுகொள்ளாதவன் ஆகியோர் மேல் 'உட்காருவார்கள்'. எல்லாரும் திரண்டு அவன் வீட்டுக்குப் போவார்கள். அவன் செய்த தப்பையெல்லாம் சேர்த்துப் பாட்டுக் கட்டி இரவெல்லாம் பாடி ஆடுவார்கள். உலக்கையால் சுவரை இடிப்பார்கள், சில நேரம் கூரையையும் பிரித்துவிடுவார்கள். தப்பை ஒப்புக்கொண்டு திருந்துவதாகச் சொல்லும் வரை இடத்தைக் காலி செய்ய மாட்டார்கள். இதில் ஆண்கள் குறுக்கே வரமாட்டார்கள், அது வழக்கம்.

ஓலோக்கோவில் ஒகுகோவின் வீட்டின் முன் நடந்தது இதுதான். நெற்றியிலும் கன்னத்திலும் கரியோ சாம்பலோ பூசி, தலையில் இளம் தழைகளைக் கட்டி, பனங்குருத்து சுற்றிய கோலைக் கையில் ஏந்தி வந்தார்கள். அது போர்க்கோலம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெள்ளை அதிகாரிகளுக்கு மட்டும் அது வெறி பிடித்த கூட்டமாகத் தெரிந்தது.

ஒகுகோ என்ன ஆனார்?

பெண்கள் வென்றார்கள். அவர்கள் மாவட்ட அதிகாரியிடம் போய் நின்றார்கள், அலுவலகத்தின் முன் நாள்கணக்கில் கிடந்தார்கள். பெண்களுக்கு வரி இல்லை என்று உறுதிமொழி வாங்கினார்கள். ஒகுகோ மேல் வழக்கு நடந்தது, இரண்டு வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. பதவியின் அடையாளமான அவருடைய தொப்பியைக் கொடு என்று கேட்டார்கள். அதுவும் அவர்களிடம் வந்தது.

இந்தக் கட்டத்தில் ஓலோக்கோவை வழிநடத்தியவர்கள் இகோனியா, நுவன்னேடியா, நுவுகோ என்ற மூன்று பெண்கள். அதிகாரிகளிடம் பேசுவதும், கூட்டம் கைமீறிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் இவர்கள் வேலை. நுவன்யெருவாவும் அமைதியாகப் போராடச் சொன்னவர்தான். ஓலோக்கோவின் வெற்றியைக் கேள்விப்பட்டு வெளியூர்ப் பெண்கள் அவரைத் தேடி வந்தார்கள், போராட்டத்துக்குப் பணமும் கொடுத்தார்கள்.

பிறகு வன்முறை ஏன் வந்தது?

இந்தக் கேள்வியை எப்போதும் பெண்களை நோக்கித்தான் கேட்கிறார்கள். இருக்கட்டும், நடந்ததைச் சொல்கிறேன்.

ஓலோக்கோவில் கிடைத்த நீதி தங்கள் ஊருக்கும் வேண்டும் என்று மற்ற ஊர்ப் பெண்கள் தங்கள் வாரண்ட் தலைவர்களின் தொப்பிகளைக் கேட்டார்கள். டிசம்பரில் அபாவில் ஒரு பிரிட்டிஷ் மருத்துவரின் கார் இரண்டு பெண்களை மோதித் தள்ளியது. அன்று கூட்டம் கொதித்துப்போய் ஐரோப்பிய வணிக நிறுவனங்களையும் பார்க்லேஸ் வங்கியையும் தாக்கியது, சிறையை உடைத்துக் கைதிகளை விடுவித்தது. அப்புறம் 16 இடங்களில் உள்ளூர் நீதிமன்றங்கள் தாக்கப்பட்டன, பெரும்பாலானவை இடிக்கப்பட்டன அல்லது எரிக்கப்பட்டன.

அவர்கள் எதை உடைத்தார்கள் என்று கவனியுங்கள். வாரண்ட் தலைவர் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்ன நீதிமன்றம், அடிமாட்டு விலைக்கு எண்ணெய் வாங்கிய கிடங்கு. இந்த இரண்டு மாதத்தில் அவர்கள் ஒரு வெள்ளைக்காரரைக் கூடக் கொல்லவில்லை.

எத்தனை பேர் இறந்தார்கள்?

50-க்கும் மேற்பட்டவர்கள். கிட்டத்தட்ட எல்லாரும் பெண்கள். ஏறத்தாழ அதே அளவில் காயம்பட்டவர்களும் இருந்தார்கள்.

டிசம்பர் நடுவில் அபாக், ஊட்டு எடிம் எக்போ, ஓபோபோ ஆகிய இடங்களில் காவலர்களும் ராணுவத்தினரும் சுட்டார்கள். ஊட்டு எடிம் எக்போவில் இயந்திரத் துப்பாக்கி பயன்படுத்தப்பட்டது. ஓபோபோவில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கலவரம்' என்ற சொல் எவ்வளவு பொய் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

டிசம்பர் 16. ஓபோபோவின் எதிர்க்கரையில், எக்வங்காவில் (இன்றைய இகோட் அபாசி) பெண்கள் அதிகாரியைச் சந்திக்கத் திரண்டார்கள். தங்கள் கோரிக்கைகளைச் சொன்னார்கள். பெண்களுக்கு வரி கூடாது. சொந்த உடைமைகளை எண்ணக் கூடாது. சந்தைக் கொட்டகைக்குப் பெண்களிடம் வாடகை வாங்கக் கூடாது. ஆட்டம் பாட்டம் நடத்த உரிமம் கேட்கக் கூடாது. ஆண்களுக்கும் வரி வேண்டாம். இதையெல்லாம் அதிகாரி தட்டச்சு செய்து தர வேண்டும், ஒரு பிரதி போதாது, பல பிரதிகள் வேண்டும் என்று நின்றார்கள். வாய்ச்சொல்லை நம்பி 1926-இல் ஏமாந்தவர்கள் எழுத்தில் கேட்டார்கள். தட்டச்சு நடந்தது. காத்திருந்த கூட்டம் நெருக்கி முன்னேறி வேலியை அசைத்தபோது துப்பாக்கி வெடித்தது. அங்கே மட்டும் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஓடும்போது ஆற்றில் விழுந்து மூழ்கியவர்களும் அதில் அடக்கம்.

கோரிக்கைப் பட்டியல் கைக்கு வருவதற்காகக் காத்திருந்தவர்கள் அவர்கள். இதை எழுதும்போது எனக்குக் கை நிற்கிறது.

சுட மாட்டார்கள் என்று ஏன் நம்பினார்கள்?

பெண்கள் 'உட்கார' வந்தால் ஆண்கள் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் வாழ்ந்த உலகின் விதி. வெள்ளைக்காரரும் பெண்கள் மேல் சுட மாட்டார் என்று நம்பினார்கள், பல சாட்சியங்களில் இது வருகிறது.

ஆண்கள் எங்கே இருந்தார்கள்?

பெரும்பாலும் ஒதுங்கி நின்றார்கள். இது பெண்களின் விவகாரம், பெண்களின் முறை. ஆண்கள் இறங்கினால் உடனே சுடுவார்கள் என்ற கணக்கும் இருந்தது. ஆனால் பெண்கள் ஆண்களின் வரியையும் நீக்கத்தான் கேட்டார்கள் என்பதை மேலே பார்த்தோம்.

விசாரணை நடந்ததா?

இரண்டு நடந்தன. முதலாவது, துப்பாக்கிச் சூட்டை மட்டும் பார்த்த ஒரு சிறிய அதிகாரிகள் குழு. அதில் யாருக்கும் திருப்தி இல்லை. 1930-இல் தலைமை நீதிபதி டொனால்ட் கிங்டன் தலைமையில் பெரிய ஆணையம் அமைந்தது. கிட்டோயி அஜாசா, எரிக் மூர் என்ற இரு நைஜீரிய வழக்கறிஞர்களும் அதில் இருந்தார்கள். 485 சாட்சிகள் பேசினார்கள், அவர்களில் பெண்கள் 103 பேர்தான். பெண்களின் போரைப் பற்றிய விசாரணையில் கால்வாசிக்கும் குறைவு.

என்றாலும் அந்த 103 பேரின் வாக்குமூலங்கள் கிடைத்தது நம் பாக்கியம். மேலே சொன்ன நுவன்யெருவாவின் வாக்குவாதம் நமக்குத் தெரிவது இதனால்தான்.

மேரி ஒகேஸி என்ற ஆசிரியையையும் இங்கே சொல்ல வேண்டும். இக்போ மக்களில் ஒரு பிரிவான ங்வா பெண்களில் முதன்முதலாக மேற்கத்தியக் கல்வி பெற்றவர். அப்போது அபாவில் மிஷன் பள்ளியில் வேலை பார்த்தார். அவர் போராட்டத்தில் நேரடியாக இறங்கவில்லை. ஆனால் பெண்களின் குறைகளை எழுதி ஆணையத்துக்கு மனு கொடுத்தார். பின்னாளில் ங்வா பெண்கள் சங்கத்தை உருவாக்கியவரும் அவரே.

கடைசியில் ஏதாவது மாறியதா?

மாறியது. பெண்களுக்கு வரி வரவில்லை. வாரண்ட் தலைவர் முறை அடுத்த சில வருடங்களில் கலைக்கப்பட்டது, 1933 வாக்கில் அதன் இடத்தில் ஊர்க் குழுக்களின் நீதிமன்றங்கள் வந்தன. சில நீதிமன்றங்களில் பெண்களும் உறுப்பினர் ஆனார்கள், எண்ணிக்கையில் மிகக் குறைவு. இக்போ பெண்களின் அமைப்புகளை ஆராய சில்வியா லீத்-ராஸ், மார்கரெட் கிரீன் என்ற இரண்டு பிரிட்டிஷ் பெண்கள் வந்தார்கள். அத்தனை உயிர் போன பிறகுதான் அங்கே பெண்களின் அரசியல் ஒன்று இருக்கிறது என்பதே கண்ணில் பட்டது.

மாறாததும் நிறைய. ஆண்கள் மீதான வரி நீங்கவில்லை. போராடிய ஊர்களுக்குக் கூட்டுத் தண்டனை விதித்து அபராதம் வாங்கினார்கள், வீடுகளை எரித்தார்கள். 'உட்காருதல்' போன்ற பெண்களின் தண்டனை முறை சட்டவிரோதம் ஆனது. நீதி வேண்டுமென்றால் நீதிமன்றத்துக்கு வா என்றார்கள். எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது இதுதான்.

வாரண்ட் தலைவர்களில் ஒரு பெண் கூட இல்லையா?

ஒருவர் இருந்தார், ஆஹெபி உக்பாபே. எனுகு-எசிகேயைச் சேர்ந்தவர். 1918-இல் பிரிட்டிஷார் அவரை வாரண்ட் தலைவராக நியமித்தார்கள். பிறகு அவர் ஊரின் அரசர் என்ற பட்டத்தையும் ஏற்றார், ராணி அல்ல, அரசர். ஆண்களுக்கு மட்டுமே உரிய முகமூடி ஆவிச் சடங்கிலும் கைவைத்தபோது ஊர் ஆண்கள் அவருக்கு எதிராகத் திரும்பினார்கள், பிரிட்டிஷாரும் துணை நிற்கவில்லை. 1948-இல் இறந்தார். அவருடைய அதிகாரம் வெள்ளைக்காரன் தந்த தாளிலிருந்து வந்தது, நுவன்யெருவாவின் பலம் பெண்கள் கூட்டத்திலிருந்து வந்தது. இருவரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் இருவரையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதற்குத் தொடர்ச்சி உண்டா?

உண்டு. மேற்கே, யொருபா பகுதியில் உள்ள அபெயோகுட்டாவில் பெண்களிடம் தனியாக வரி வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி தலைமையில் சந்தைப் பெண்களும் படித்த பெண்களும் ஒரே சங்கமாகச் சேர்ந்து 1947-இல் எழுந்தார்கள். அவர் இசைக்கலைஞர் ஃபேலா குட்டியின் தாயார். ஊர்வலம் நடத்த அனுமதி மறுத்தபோது, ஊர்வலத்துக்குப் 'பிக்னிக்' என்று பேர் வைத்து நடத்தினார்கள். உள்ளூர் மன்னரான அலாகேயின் அரண்மனையின் முன் ஆயிரக்கணக்கில் கூடி, அவரைக் கிண்டல் செய்யும் பாட்டுகளைப் பாடினார்கள். 1948-இல் பெண்கள் வரி நீங்கியது. 1949 ஜனவரியில் அலாகே அரியணையை விட்டு இறங்கினார்.